ராகு காலத்தில் கமலாவதி சொன்ன பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்தப் பிள்ளைக்கு எதிராகத்தான் கை உயர்த்தினேன். நாளைக்கு யாரும் வந்து "சீனித்தம்பி எழுதினதில பாதி புளுகு" என்று சொல்லக்கூடாது பாருங்கள், அதற்காகத்தான்.

மொன்றியலில் தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு கூடைப்பந்து லீக் நடக்கிறது. ஆறு அணிகள். ஐந்தை யாழ்ப்பாணத்தார் நடத்துகிறார்கள். ஆறாவது எங்களுடையது, மட்டக்களப்பாரின் வாவி அணி. அருமைராசா தலைவர், நான் செயலாளர். ரசிகர் மன்றத்தில் முப்பத்தொரு பேர். ஒவ்வொரு மே மாதமும் புதிதாக ஆட வருகிற பெண்களை ஆறு அணிகளும் முறைவைத்துத் தெரிவு செய்யும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. போன வருடம் கடைசியாக வந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தெரிவு செய்த ஆட்டக்காரனுக்கு ஒரு தொப்பியை மாட்டிவிடுவார்கள். நாங்கள் தட்டம் வைப்போம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, நடுவில் மடித்த ஜேர்சி. பெண் கேட்டுப் போகிற மாதிரித்தான். அந்தத் தட்டத்தை ஒரு சுமங்கலி தூக்கிவந்து பிள்ளையின் தாயிடம் கொடுப்பாள். குத்துவிளக்கும் உண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அதை ஏற்றுவோம். மண்டபத்தில் நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள், ஆகவே பட்டரி விளக்கு. ஐந்து முகத்துக்கும் ஐந்து சின்ன பல்ப். அதன் அடியில் இருக்கிற சுவிட்சை அமத்தவும் சுமங்கலிதான் வேண்டும். சிரிக்காதீர்கள், அந்த ஒழுங்கை எழுதி வைத்தவனே நான்தான்.

அந்த ஒழுங்கின்படி தட்டத்தையும் விளக்கையும் தொடக்கூடாதவள் ஒருத்தி எங்கள் மன்றத்தில் இருந்தாள். கமலாவதி.

கமலாவதிக்கு ஐம்பத்து மூன்று வயது. மட்டக்களப்பில் கொன்வென்டில் படித்தபோது கூடைப்பந்து ஆடியவள். கலியாணம் கட்டி இங்கே வந்தாள். புருசன் அருமைநாதன் நல்ல மனுசன், பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு தை மாதக் குளிரில் பஸ்சுக்காக நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் கொன்டெய்னருக்குள் பெட்டி அடுக்குகிற வேலை செய்கிறாள். சேர்ந்த முதல் கிழமை மேலாள் அவளைப் பார்த்து, பெண்கள் லேபல் ஒட்டினால் போதும் என்றிருக்கிறான். அவள் பிரெஞ்சில் "நோன், மெசியூ", முடியாது ஐயா, என்று சொல்லிவிட்டுக் கொன்டெய்னருக்குள் ஏறிவிட்டாள். இரண்டு மணித்தியாலம் கழித்து அவன் வந்து எட்டிப் பார்த்தபோது அதற்குள் ஒரு சாண் இடம் மிச்சமில்லை. அதன் பிறகு லேபல் கதை வரவில்லையாம்.

இரும்பு வைத்த வேலைச் சப்பாத்தோடுதான் ஆட்டம் பார்க்க வருவாள். முதல் வாங்கில், அதாவது முன்வரிசைப் பெஞ்சில், இடப்பக்க மூலை அவளுடைய இடம். கத்தத் தொடங்கினால் மத்தியஸ்தர் திரும்பிப் பார்ப்பார். எங்கள் பிள்ளைகளின் ஜேர்சிகளுக்கு இலக்கமும் பெயரும் தைப்பது பன்னிரண்டு வருடமாக அவள்தான். அவள் தைத்த ஜேர்சியை வேறொருத்தி தட்டத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். கமலாவதி வாங்கில் இருந்து கை தட்டுவாள். இதில் ஒரு பிழையும் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

என் மகளின் கலியாண பிளவுஸையும் அவள்தான் தைத்தாள். கை நோக நோக மணி கோத்துத் தைத்தாள். கலியாணத்தன்று நான் போய் அவளுடைய காதருகில், "கமலாவதி, ஆலாத்தி எடுக்கிற நேரம் கொஞ்சம் பின்னால இரன்" என்றேன். "சொல்லத் தேவையில்ல அண்ணன். எனக்கு இடம் தெரியும்" என்றாள். நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். எவ்வளவு மண்டைக் கொழுப்பு இருந்திருந்தால் அப்படி நினைத்திருப்பேன்.

இந்த வருடம் சித்திரை மாதக் கடைசியில், செயின்ட்-மிஷேலில் இருக்கும் அருமைராசாவின் வீட்டு நிலக்கீழ் அறையில் ரசிகர் கூட்டம் நடந்தது. முதல் தெரிவாக யாரை எடுப்பது? அருமைராசா எழும்பி, "இதில கதைக்க என்ன கிடக்கு? சுதாஜினி" என்றான். சுதாஜினி அவனுடைய மனைவி வசந்தினிக்கு அக்கா மகள். ஐந்தடி பதினொரு அங்குலம். வாசல் நிலையில் தலை இடிக்கிற பிள்ளை. பாதிக் கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

கமலாவதி எழும்பினாள். "உயரம் எங்களிட்ட இரிக்கி. போன வருசமும் இரிந்தது. உயரமான பிள்ளையள் மூண்டு பேர் கூடைக்குக் கீழ நிண்டு பந்து வருமெண்டு பாத்துக்கொண்டு நிண்டாளுகள். பந்தைக் கொண்டு வந்து குடுக்க ஒருத்தி இல்ல. எங்களுக்குத் தேவை கார்ட். ரக்ஷனாவ எடுப்பம்."

பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவளைத்தான் கார்ட் என்கிறோம். ரக்ஷனா பத்தொன்பது வயதுப் பிள்ளை, தமிழ்நாட்டுக்காரி. தகப்பன் சுப்புராஜ் கணினிக் கம்பனியில் வேலை, குடும்பம் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறது. கமலாவதி அந்தப் பிள்ளையின் கல்லூரி அணி ஆட்டத்தை ஏழு தடவை போய்ப் பார்த்திருக்கிறாள். வேலை முடிந்த களைப்போடு பஸ், மெத்ரோ, மறுபடி பஸ் என்று நகரத்தின் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு.

கூட்டம் பிடித்துக்கொண்டது.

"ஐஞ்சடி ரெண்டு அங்குலம். பந்தே அவளவிடப் பெரிசா இரிக்கும்."

"இந்தியப் பிள்ளை. எங்கட பிள்ளையள் வரிசையில நிக்க, ஏன் வெளியில போய்த் தேடுவான்?"

"போன வருசம் மத்தியஸ்தரோட வாய் காட்டி வெளியில போனவள். வாய்க்காரி."

கடைசியாகச் சொன்னது நான்.

கமலாவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள். "சீனியண்ணன், அந்த மத்தியஸ்தர் குடுத்தது பிழையான தீர்ப்பு. நான் அங்க இரிந்தன், நீங்க இல்ல. பிழையெண்டா பிழையெண்டு சொல்லத்தானே வேணும்? இந்தியப் பிள்ளை எண்டுறீங்க. போன வருசம் எங்கட பிள்ளையளக் கொண்டு கடைசியா வந்தமே, அது இனிச்சதா? இஞ்ச பாருங்க, நான் கொன்டெய்னர் அடுக்கிறவள். பெட்டியத் தூக்கிக்கொண்டு இடம் தேடுறவன் முதுகு முறிஞ்சு போவான். தூக்க முதலே இடத்தைப் பாத்து வைக்கிறவன்தான் வேலைக்காரன். அந்தப் பிள்ளை பந்து கைக்கு வர முதலே எங்க இடமிரிக்கெண்டு பாத்திருவாள். ஏழு தரம் பாத்தன். ஏழு தரமும் அதுதான்."

"அப்பிடி எடுக்காட்டி என்ன செய்வாய்?" என்று அருமைராசா நக்கலாகக் கேட்டான்.

"எடுக்காட்டி நான் இனி வரமாட்டன்" என்றாள் அவள். "அந்த வாங்கு மூலையில நீங்களே இரிந்து கொள்ளுங்க. ஊர் பாத்து, சொந்தம் பாத்து எடுக்கிறதெண்டா அது கலியாணம். அதுக்கு என்னை முன்னால கூப்பிடுறேல்லத்தானே?"

வேலையையும் அந்த வாங்கு மூலையையும் விட்டால் இந்த நாட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் தூக்கிப் பணயம் வைத்தாள். ஆனாலும் கை உயர்த்தும் நேரம் வந்தபோது சுதாஜினிக்குத்தான் உயர்த்தினேன். தலைவரோடு எதற்கு வம்பு என்ற பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

எண்ணிப் பார்த்தால் ரக்ஷனாவுக்குப் பதினாறு, சுதாஜினிக்குப் பதினைந்து. நம்பாமல் இரண்டு தரம் எண்ணினேன். அருமைராசா சிரித்துக்கொண்டு, "பெரும்பான்மை பெரும்பான்மைதான்" என்றான். இவ்வளவு லேசாக விடுகிற ஆள் இல்லையே என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஆனால் வசந்தினி சுடச்சுட மீன் றோல்ஸ் கொண்டுவந்து வைத்தாள், யோசனை அதோடு போய்விட்டது.

டிராஃப்ட் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. மண்டபம் பகல் பன்னிரண்டு வரைதான் எங்களுக்கு. சுவரில் பெரிய மணிக்கூடு. லீக்கின் தலைவி ஜெனாட், யாழ்ப்பாணத்துப் பெண், கண்டிப்பானவள். மேசையில் பதிவுத் தாள்களையும் விசிலையும் வைத்துக்கொண்டு இருந்தாள். ரக்ஷனா தாய் பாரிஜாதத்தோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். அங்கிருந்து நாலு கதிரை தள்ளி, மற்றவர்களின் தலைக்கு மேலே தெரிந்தபடி சுதாஜினி.

"முதல் தெரிவு, வாவி அணி. அஞ்சு நிமிசம்" என்றாள் ஜெனாட். விதி எல்லோருக்கும் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் பெயர் சொல்லாவிட்டால் அடுத்த அணி முந்திக்கொள்ளும், நாங்கள் இரண்டாவதாகத்தான் சொல்லலாம். அடுத்த அணி வடலி. அவர்களும் ரக்ஷனா மேல்தான் கண் வைத்திருந்தார்கள்.

அருமைராசா எழும்பவில்லை. காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தான்.

"போய்ச் சொல்லன்" என்றேன்.

"சனிக்கிழமை ஒன்பதில இரிந்து பத்தரை ராகு காலம் சீனியண்ணன். முதல் தெரிவு. நல்ல காரியம். பத்தரைக்குப் பிறகு சொல்லுவம்."

"அஞ்சு நிமிசம்தானடாப்பா தந்திரிக்காள்!"

"அதுக்காக ராகு காலத்தில சொல்லேலுமா? இரண்டாவதாச் சொன்னா என்ன குறைஞ்சா போயிருவம்?"

எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். ராகு காலம் என்று சொன்னால் எங்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும். பனியில் கார் ஓட்டுகிறோம், பிரெஞ்சில் சண்டை பிடிக்கிறோம், ராகு காலத்தில் மட்டும் ஒரு கடிதத்தைக்கூட உறையில் போடமாட்டோம். மூன்று நிமிடம் போய்விட்டது.

கமலாவதி வாங்கு மூலையிலிருந்து எழும்பி வந்தாள். "என்ன பிரச்சினை?"

சொன்னேன்.

அவள் அருமைராசாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "எந்த ஊர் ராகு காலம்?"

"என்ன?"

"கேக்கிறன். மட்டக்களப்பில இப்ப சனிக்கிழமை பின்னேரம் ஏழரை மணி. அங்க ராகு காலம் முடிஞ்சு ஒன்பது மணித்தியாலம். இஞ்சத்த ராகுவெண்டா, இஞ்ச இப்ப அஞ்சரைக்கெல்லாம் சூரியன் வந்திரும். உன்ர கலண்டர் சூரியன் ஆறு மணிக்கு வாற ஊருக்கு அடிச்சது. எந்த ராகு உனக்குச் சொன்னவர்?"

"நம்பிக்கையோட விளையாடாத கமலாவதி."

"நான் விளையாடேல்ல. நீதான் விளையாடுறாய்."

"ஒரு நிமிசம்" என்று ஜெனாட் மேசையில் தட்டினாள். வடலி அணிக்காரர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்கள்.

கமலாவதி திரும்பினாள். இரும்புச் சப்பாத்து டக் டக் என்று சத்தம் போட மேடைக்குப் போனாள். அங்கேதான் விளக்கும் தட்டமும் இருந்தன. பின்வரிசையில் ஒருத்தி, "ஐயோ, அவவை ஏன் முதல் அங்க போக விட்டனீங்கள்?" என்றது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். ஒலிவாங்கியை எடுத்து, கொன்டெய்னர் முற்றத்தில் கத்துகிற அதே குரலில், "வாவி அணி. ரக்ஷனா சுப்புராஜ்" என்றாள்.

மண்டபம் ஆளுக்காள் கத்தத் தொடங்கியது. வடலி அணித் தலைவர், "இது செல்லாது! பெயர் சொல்ல இவ ஆர்?" என்று பாய்ந்து வந்தார். அருமைராசாவும் எழும்பி, "அவ ரசிகை. அவவுக்கு உரிமை இல்ல" என்றான். சொந்த அணியின் தெரிவு செல்லாது என்று சொந்தத் தலைவனே சொல்லுகிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜெனாட் விசில் ஊதினாள். "பதிவுத் தாளில பேர் இருக்கிற ஆரும் சொல்லலாம். பாக்கிறன், பொறுங்கோ." எங்கள் அணியின் தாளை எடுத்து விரலால் கீழே இறக்கிக்கொண்டே போனாள். தலைவர், செயலாளர், பயிற்றுநர். கடைசி வரியில் நின்றாள். "உடுப்புப் பொறுப்பாளர், கமலாவதி அருமைநாதன். ஆர் எழுதினது?"

"நான்தான்" என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர், படிவத்தில் ஒரு கோடு வெறுமையாகக் கிடக்கிறதே என்று நிரப்பி வைத்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் அதைப் பார்த்துப் பார்த்து எழுதியதைத் தவிர நான் ஒரு நன்மையும் செய்யவில்லை.

"அப்ப செல்லும். நாலு நிமிசம் நாப்பது செக்கன்" என்றாள் ஜெனாட்.

இனி தட்டம். வசந்தினி பட்டுச்சேலையோடு தட்டத்துக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அருமைராசா கீழே இருந்தபடியே, "வசந்தினி, பத்தரைக்கு முதல் தட்டத்தில கை வைக்காத!" என்றான். கமலாவதி தட்டத்தை மூடியிருந்த பட்டுத்துணியை எடுத்தாள். வெற்றிலை, பழம், பூ. நடுவில் ஜேர்சி. அவள் அதை எடுத்து இரண்டு கையாலும் விரித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள்.

முதுகில் "சுதாஜினி" என்று அச்சடித்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு எதுவுமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். அருமைராசா வாக்கெடுப்பையும் மீறவில்லை, ஒன்றும் செய்யவில்லை. நேரத்தை ஓடவிட்டால் வடலிக்காரர் ரக்ஷனாவைக் கொண்டுபோவார்கள், இவன் இரண்டாவதாகச் சுதாஜினியை எடுப்பான், பழி ராகுவுக்குப் போகும். ஏதோ ஒரு கடையில் ஜேர்சியே அடித்து வைத்துவிட்டான்.

"இது நான் தைச்சதில்ல" என்றாள் கமலாவதி. அந்த ஜேர்சியை ஒழுங்காக மடித்துத் தட்டத்திலேயே வைத்தாள். தோளில் கிடந்த வேலைப் பையைத் திறந்து வேறொரு ஜேர்சியை எடுத்தாள். இலக்கம் ஐந்து, ரக்ஷனா. தட்டமில்லாமல், பூ இல்லாமல், வெறுங்கையில் அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு நடந்தாள்.

பாரிஜாதம் எழுந்து நின்றாள். அந்த அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்திருந்தாள். யாரோ அவளுடைய காதில் ஏற்கனவே ஓதிவிட்டார்கள் போலிருக்கிறது, கை தாலிப்பக்கம் போனது. "இல்லைங்க... கொஞ்சம் நேரம் கழிச்சு வாங்கிக்கலாமே... தப்பா எடுத்துக்காதீங்க" என்று இழுத்தாள்.

கமலாவதியின் நீட்டிய கை அப்படியே நின்றது.

ரக்ஷனா தாய்க்கு முன்னால் வந்தாள். "அம்மா, என்னோட ஏழு மேட்ச் பார்க்க இவங்க வந்திருக்காங்க. நீயே மூணுதான் வந்த." ஜேர்சியை வாங்கிப் போட்டிருந்த உடுப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். தோள் சரியாக இருந்தது. "ஆன்ட்டி, எப்படி அளவு தெரியும்?"

"பாத்தன்" என்றாள் கமலாவதி. "பாத்தாத் தெரியும்."

இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்து, நாங்கள் வெற்றிக் கிண்ணம் தூக்கியிருந்தால் எனக்கும் எழுதச் சுகமாக இருந்திருக்கும். முதல் ஆட்டத்தில் நான்கு புள்ளியால் தோற்றோம். ரக்ஷனா ஆறு தடவை பந்தைப் பறிகொடுத்தாள். சுதாஜினி எங்களுக்குக் கிடைக்கவில்லை, வடலிக்குப் போய்விட்டாள். அந்த வடலியோடுதான் ஆட்டமும். ஒவ்வொரு தடவை பந்து பறிபோனபோதும் எங்கள் ஆட்கள் ஆட்டத்தைப் பார்க்காமல் கமலாவதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழும்பி நின்று, "இன்னொருக்கா அவளிட்டயே குடுங்கடி பந்தை!" என்று கத்தினாள். ஆறாவது தடவைக்குப் பிறகும் அதையேதான் கத்தினாள்.

ஆட்டம் முடிந்ததும் அருமைராசா நாலு பேரோடு வந்தான். அவனைத் தலைவர் பதவியிலிருந்து இறக்க இன்னும் எங்களுக்குத் துணிவு வரவில்லை, அதையும் ஒளிக்கவில்லை. "நான் சொன்னன்தானே. ராகு காலம். அதோட, ஆர் கையால வாங்கினது எண்டும் ஒண்டு இரிக்கி" என்றான்.

கமலாவதி ஜேர்சிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "ராகுவும் இல்ல, என்ர கையும் இல்ல. அவளுக்கு இடது பக்கத்தால பந்து கொண்டுபோக வருகுதில்ல. அதை வடலிக்காரர் கண்டுபிடிச்சிற்றாங்க. கோச்சுக்குச் சொல்லிற்றன், பழக்குவார். மறுகா பாருங்க." பையின் சிப்பை இழுத்து மூடினாள். "வாற கிழமையும் சனிக்கிழமைதான். ஆட்டம் ஒன்பதரைக்கு. விளக்குச் சுவிட்சை நான்தான் அமத்துவன். பதினாலு வருசம் உங்கட நல்ல காரியத்துக்கெல்லாம் நான் பின்னால இரிந்தன். இது என்ர நல்ல காரியம். விருப்பமில்லாத ஆக்கள் பத்தரைக்குப் பிறகு வாங்க."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். "பின்னால இரன்" என்று அவளிடம் சொன்ன வாய் என்னுடையது.

அடுத்த சனிக்கிழமை நான் ஒன்பது மணிக்கே மண்டபத்தில் இருந்தேன். கமலாவதி விளக்கை மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டு நின்றாள். சுவிட்சை ஒரு தடவை அமத்திப் பார்த்தாள். ஐந்தில் இரண்டு பல்புதான் எரிந்தது. அருமைராசா இருந்திருந்தால் அதற்கும் ஒரு கதை சொல்லியிருப்பான்.

"பட்டரி இறங்கிற்று" என்றேன். பழைய பட்டரி தாங்காது என்று நினைத்து, வரும் வழியில் டெப்பனர் என்கிற மூலைக் கடையில் வாங்கிய புதுப் பட்டரிகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அவற்றை வாங்கி விளக்கின் அடியில் போட்டுக்கொண்டே, "போங்க அண்ணன், போய் முன் வரிசையில இரிங்க" என்றாள்.